பதினேழாம் எண் தவறாமல் வருகிறார்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வரப்போகிறது என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. புரோகிராம் இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கான திட்டமிடல் மிகச் சிறப்பாக நடந்து முடிந்துவிட்டது. கேலிக்காகச் சொல்லவில்லை. சிறப்பாக நடந்ததாக ஒரு கேடயமே கொடுத்திருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் இயக்குநர் அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டயாலிசிஸ் வார்டில் குமாஸ்தா. ஆறு மெஷின், காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று முறை. கிட்னி கெட்டுப்போனவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து, நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யாராவது ஒருவர் திடீரென்று ஒருநாள் வரமாட்டார். காய்ச்சலாக இருக்கும், வண்டி கிடைத்திருக்காது, சிலர் இனி வரவே மாட்டார்கள். அந்த மெஷின் சும்மா கிடக்கும். அதே நேரத்தில், இந்த வாரம் கூடுதலாக ஒரு முறை வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த ஆட்கள் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், நாளும் நேரமும், ஃபோன் நம்பர், எல்லாம் அந்த ஒரே வரியில். கடைசிப் பக்கத்தில் காத்திருப்பவர்கள். ஒருவர் வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்ப்பேன். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி முதல் ஆளுக்கு ஃபோன் அடிப்பேன். அவர் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார். ஒன்பது வருடம் இப்படி ஓடியது. நான் லீவு போட்டால் மட்டும் யாரும் ஃபோன் அடிக்க மாட்டார்கள். அது ஒன்றுதான் குறை.

அதனால், "உங்கள் பிரிவின் தேவைகளை எழுத்துமூலம் தரவும்" என்று சுற்றறிக்கை வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு வரி எழுதிக்கொடுத்தேன். "யாராவது வராவிட்டால், காத்திருப்பவருக்குத் தானாக ஃபோன் போக வேண்டும்." அவ்வளவுதான்.

பத்து நாளில் என்னையும் தலைமை நர்ஸையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். புரோகிராமைத் திட்டமிட வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. என் வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். இரண்டடி பின்னால் போய் நின்று, மோசமான எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டர் மாதிரி பார்த்தார்.

"இது ஒரு தேவை இல்ல சார். மூணு தேவை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு," என்றார்.

"தெரியாம எழுதிட்டேன் சார்," என்றேன்.

"உங்கமேல தப்பே இல்ல. பிரிச்சு யோசிக்க யாரும் உங்களுக்குச் சொல்லித் தரல." சிவப்புப் பேனாவை எடுத்து என் வாக்கியத்தை இரண்டு இடத்தில் வெட்டினார். "ஒவ்வொண்ணும் தனிப் பகுதி, மாட்யூல். யாருங்கிறது பெயர் மாட்யூல். வரலைங்கிறது நேர மாட்யூல். ஃபோன் போகணும்ங்கிறது தொடர்பு மாட்யூல். ஒரு மாட்யூலோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு இன்னொண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்த வேண்டி வரும்."

"எதை சார் மாத்தப் போறோம்?"

"அதுதான் இன்னைக்குத் தெரியாதே! தெரியாததுனாலதான் எதை வேணும்னாலும் மாத்துற மாதிரி திட்டம் போடறோம். உதாரணத்துக்கு, மனுஷனுக்குக் கிட்னி ரெண்டுன்னு நாம எழுதி வெச்சுடறோம். நாளைக்கே அது மூணுன்னு ஆயிட்டா?"

தலைமை நர்ஸ் இருபத்தாறு வருடம் அந்த வார்டில் இருப்பவர். "எங்ககிட்ட வர்றவங்களுக்கு ஒண்ணுகூட வேலை செய்யாது தம்பி," என்றார்.

"அப்போ பூஜ்யம்! பாத்தீங்களா, ரெண்டுன்னு வெச்சிருந்தா இப்பவே மாட்டியிருப்போம்," என்று ஆலோசகர் மேஜையைத் தட்டினார். கிட்னி எண்ணிக்கையைப் பற்றி மேலும் இரண்டு கூட்டங்கள் நடந்தன. மூன்றாவது கூட்டத்தில், "சிறுநீரகங்களின் எண்ணிக்கை: அவ்வப்போது முடிவு செய்யப்படும்" என்று தீர்மானம் நிறைவேறியது. என் ஃபோன் விஷயத்துக்கு நேரம் போதவில்லை.

அன்று இயக்குநர் பேசிய பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. "நான் இங்க வந்த புதுசுல ஒரு நோயாளி நேரா என் ரூமுக்கே வந்துட்டாரு. பேரைச் சொல்றாரு, வியாதியைச் சொல்றாரு, எப்ப வைத்தியம் பண்ணுவீங்கன்னு கேக்கறாரு. எல்லாத்தையும் ஒரே ஆளு, ஒரே மூச்சுல! நான் ஆடிப்போயிட்டேன். முழு விஷயமும் ஒருத்தர் கையில வந்து சேந்தா, பதிலும் அவர்தானே சொல்லியாகணும்? இந்த மாட்யூல் முறையில அந்தக் கஷ்டம் இல்ல. 'என் பகுதி சரியா இருக்கு, மிச்சம் எனக்குத் தெரியாது'ன்னு சொல்ற உரிமை கடைசி ஊழியர் வரைக்கும் கிடைக்கும்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

புரோகிராம் எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்றார் ஆலோசகர். அது வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஊழியர்கள் திணறிப்போவார்கள். ஆகவே இப்போதே, கையாலேயே, மாட்யூல் முறையில் வேலை செய்து பழக வேண்டும். இதற்கு ஒத்திகை என்று பெயர் வைத்தார்கள்.

ஒத்திகையின் முதல் நாள் என் நோட்டை எடுத்துவரச் சொன்னார்கள். ஆலோசகர் அதைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"இவ்வளவும் ஒரே வரியிலயா வெச்சிருக்கீங்க?"

"ஒரு ஆளு, ஒரு வரி சார்."

"இதாலதான் எதுவுமே உருப்படல. பிரிங்க."

பிரிப்பது என்றால், வெட்டுவது. பெயர் இருக்கும் பத்தி ஒரு பக்கம், நாளும் நேரமும் இருக்கும் பத்தி ஒரு பக்கம், ஃபோன் நம்பர் ஒரு பக்கம். எண்ணை மட்டும் மூன்று துண்டிலும் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். நர்ஸ், "அதுல கை வெக்காதீங்க, அது ஒண்ணுதான் இந்த வார்டுல ஓடற பொருளு," என்று கெஞ்சினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தரியைப் பிடித்தது நான்தான். கோடு கோணாமல் வெட்டினேன் என்று பாராட்டினார்கள். பிறகு, "தேவைகள் அனைத்தும் பயனரால் முழுமையாகச் சொல்லப்பட்டன" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தின் கடைசியில் இருந்தது அந்தத் தாள். படிக்காமல் போட்டேன். வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பழைய துணிக்கிடங்கைப் பலகைத் தட்டி வைத்து மூன்று அறையாகத் தடுத்தார்கள். பெயர் அறை, நேர அறை, தொடர்பு அறை. ஒரு அறைக்காரர் அடுத்த அறைக்காரரிடம் வேலை விஷயமாக நேரில் பேசக் கூடாது. பேச வேண்டியதைப் படிவத்தில் எழுதி இணைப்புக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூடும். பெயர் அறையில் ஒரு குமாஸ்தாவையும் நேர அறையில் அவர் மனைவியையும் போட்டார்கள். வீட்டில் தகவல் கசிந்துவிடாதா என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டு நாலு வருடம் ஆகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே அந்த நியமனம் உறுதியானது.

தொடர்பு அறையில் நம்பர் மட்டுமே இருந்தது. அங்கிருந்த பெண் தினமும் ஃபோன் செய்து, "வணக்கம். நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒரு தகவல் இருக்கு. என்ன தகவல்னு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல," என்று சொல்லிவிட்டு வைப்பாள். இரண்டு நோயாளிகள் பயந்துபோய் நம்பரையே மாற்றிக்கொண்டார்கள். மெஷின்கள் முன்னைவிட அதிகமாகச் சும்மா கிடந்தன. ஆலோசகருக்கு அதில் பெருமை. "மெஷின் எத்தனை மணி நேரம் காலியா இருந்துச்சுன்னு இவ்வளவு துல்லியமா இதுவரைக்கும் யாருமே அளந்ததில்ல," என்றார்.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்வேன். கேட்டுச் சிரிக்க மாமா இருந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் எங்கள் வார்டு நோயாளிதான், பதினேழாம் எண், செவ்வாய் காலையும் வெள்ளி காலையும். "மாப்பிள்ளை, இன்னைக்கு எந்த ரூமுக்கு எந்த ரூமோட பேச்சு வார்த்தை இல்ல?" என்று கேட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார்.

ஒத்திகை தொடங்கி மூன்று மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினில் படுத்துவிட்டு வந்தும் அவருக்கு வீக்கம் குறையவில்லை. புதன்கிழமை விடிந்ததிலிருந்து மூச்சு இழுத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது, இன்றே ஒரு முறை மெஷினில் போட வேண்டும் என்று எழுதி, 'இன்றே' என்பதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டார்.

நாலாம் நம்பர் மெஷின் காலியாக இருந்தது. அன்று காலைக்குரிய ஆள் வரவில்லை. மாமாவை அதற்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் மெஷினைக் கழுவித் தயாராக வைத்துவிட்டார். ஆனால் ஃபில்டரும் குழாயும் ஸ்டோரிலிருந்து வர வேண்டும். ஒத்திகை வந்த பிறகு, நேர அறையின் டோக்கன் இல்லாமல் ஸ்டோரில் ஒரு பஞ்சைக்கூடத் தர மாட்டார்கள்.

பெயர் அறைக்கு ஓடினேன். "பதினேழா? இருக்காரே. கூடுதலாக் கேட்டவங்கள்ல முதல் பேரே அவருதான்," என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "ஆனா எந்த மெஷின், எந்த நேரம்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்மேல நடவடிக்கை எடுப்பாங்க."

நேர அறைக்கு ஓடினேன். "நாலாம் நம்பர் காலைக்குக் காலி. நான் எட்டே காலுக்கே எழுதிட்டேன்," என்றார் அந்தக் குமாஸ்தாவின் மனைவி. "யாருக்குக் குடுக்கறதுன்னு பெயர் அறை சொல்லணும்."

"உங்க வீட்டுக்காரர் தட்டிக்கு அந்தப் பக்கம்தாம்மா உக்காந்திருக்காரு. ஒரு குரல் குடுங்க."

அந்த அம்மா தட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டதும் கேட்டது. "குழுவுல குடுங்க சார்," என்றார் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவசரப் பிரிவுக்குப் போனேன். உங்கள் வார்டிலேயே மெஷின் காலியாக இருக்கும்போது இங்கே ஏன் வருகிறீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியில் இரண்டு தனியார் இடத்தில் ஃபோன் செய்து கேட்டேன். நாளை மாலை என்றார்கள். இயக்குநர் ஒரு மாநாட்டில் இருந்தார். கடைசியில் ஆலோசகரையே கையைப் பிடித்து வார்டுக்கு இழுத்துவந்தேன்.

அவர் மெஷினைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அருமை சார்! ஆறு மாசம் உக்காந்து யோசிச்சாலும் இப்படி ஒரு சூழ்நிலை நமக்குத் தோணியிருக்காது. அவசரம்னு தனியா ஒரு மாட்யூல் வேணும்! அது நம்ம பட்டியல்லயே இல்ல." பச்சைப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி ஐயா. உங்களாலதான் இது வெளிய வந்துச்சு."

மாமாவுக்குத் தொடர்ந்து பேச மூச்சு வரவில்லை. விட்டு விட்டுச் சொன்னார். "தம்பி... நான் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். சீட்டு காலியா இருந்தா... நிக்கிறவனை உக்காருன்னு சொல்லுவேன். அதுக்கு நான்... யாரையும் கேட்டதில்ல."

"பஸ்ல அது சரி ஐயா. ஆனா அந்த முறையை நாளைக்கு விமானத்துக்கு மாத்த முடியாது பாருங்க," என்றார் ஆலோசகர்.

நாலு மணி நேரம். மாமா அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரைக்கு மதிய முறைக்குரிய ஆள் வந்து அதில் படுத்தார். டாக்டர் ஊசி ஒன்று போட்டு, நாளைக் காலை முதல் ஆளாக வாருங்கள் என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போனோம்.

மறுநாள் காலை ஏழரைக்கு மாமா போய்விட்டார். நாற்காலியிலேயே.

பதினோரு மணிக்கு இணைப்புக் குழு கூடி, பதினேழாம் எண்ணுக்குப் புதன்கிழமை காலை நாலாம் மெஷினை ஒதுக்க ஒருமனதாக ஒப்புதல் தந்தது. குழுவே எழுதிய டோக்கனை என் மேஜைமீது வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் பார்த்தது ஐந்து நாள் கழித்து, வேலைக்குத் திரும்பியபோது. கிழித்துப் போட்டேன். அந்தக் கத்தரியைத் தேடினேன்; எதற்கென்று தெரியாமல் தேடினேன். நர்ஸ் வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

விசாரணை வைத்தார்கள். வைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர் அறையில் பெயர் சரியாக இருந்தது. நேர அறையில் நேரம் சரியாக இருந்தது. தொடர்பு அறை அன்று மாமாவின் நம்பருக்கு முறைப்படி ஃபோன் செய்து, ஒரு தகவல் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. மூன்று மாட்யூலும் பாஸ். "தனித்தனியாப் பாத்தா எங்கயுமே தப்பு நடக்கல," என்றார் இயக்குநர். "சேத்துப் பாக்கறது நம்ம முறைக்கே விரோதம்."

இறப்புச் சான்றிதழைக் கொடுத்து மாமாவின் பெயரை எடுக்கச் சொன்னேன். பெயர் அறையில் உடனே அடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமையும் நேர அறையிலிருந்து பதினேழாம் எண்ணுக்கு டோக்கன் வந்தது. வெள்ளியும் வந்தது. போய்க் கேட்டேன். இணைப்புக் குழுவின் படிவத்தில் இரண்டே கட்டம்தான் இருக்கிறதாம், சேர்க்க ஒன்று, மாற்ற ஒன்று. நீக்க இல்லை.

"நோயாளி இறந்துபோவார்னு தேவைப் பட்டியல்ல யாருமே சொல்லல சார்," என்றார் ஆலோசகர். தாளைப் புரட்டி அடியில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினார். "எல்லாத் தேவையும் சொல்லிட்டதா நீங்கதான் போட்டிருக்கீங்க."

ஆக, செத்துப்போனவருக்கு வாரம் இரண்டு முறை மெஷின் காத்திருந்தது. எதிரே அதே பெஞ்சில் ஒரு தையல்காரம்மா வந்து உட்கார ஆரம்பித்தார். ஐம்பது வயது இருக்கும். புதிதாகச் சேர வேண்டியவர். பெயர் அறையில் பதிந்து இரண்டு மாதமாகிறது, நேரம் கிடைக்கவில்லை. கால் இரண்டும் வீங்கிப்போய், தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை என்று சொன்னார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை நான் டோக்கனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"வாங்கம்மா. ஏறிப் படுங்க."

"எனக்கு வந்துடுச்சா சார்?"

"யாராவது கேட்டா நீங்க பதினேழு. வேற எதுவும் சொல்லாதீங்க."

நர்ஸ் என் கையிலிருந்து டோக்கனை வாங்கிக்கொண்டார். அதைக் கொடுத்து ஸ்டோரிலிருந்து ஃபில்டரை வாங்கிவந்து, அம்மாவின் கையை நீட்டச் சொன்னார்.

எட்டு மாதம் போயிற்று. ஒத்திகையின் ஆண்டு நிறைவு வந்தது. மாட்யூல் முறையில் ஒரு முறைகூடத் தவறாத நோயாளி யார் என்று நேர அறையின் கணக்கைப் பார்த்தார்கள். இடையில் ஆள் இல்லாமல் போன டோக்கன்களையும் வருகையாகவே எண்ணியிருந்தார்கள். வரவில்லை என்று வார்டிலிருந்து எழுதிக்கொடுக்காவிட்டால், நேர அறையின் டோக்கன் போனாலே ஆள் வந்ததாக அர்த்தம்; செத்துப்போனவர் வரவில்லை என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. எல்லோரும் அங்கங்கே ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தார்கள். பதினேழாம் எண் மட்டும் ஒருநாள்கூட விடவில்லை.

இயக்குநரும் ஆலோசகரும் புகைப்படக்காரரோடு வார்டுக்கு வந்தார்கள். "பதினேழு யாரு?" என்றார் இயக்குநர். தையல்காரம்மா என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார் அம்மா.

"பாத்துக்கோங்க எல்லாரும்," என்று இயக்குநர் வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசினார். "நோயாளி ஒழுங்கா இருந்தா முறையும் ஒழுங்கா இருக்கும். வரலைன்னு குறை சொல்றவங்க, கிடைக்கலைன்னு புலம்பறவங்க, இவங்களைப் பாத்துக் கத்துக்கணும்." ஊசி ஏறாத கையில் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா அதை என்னிடம் நீட்டினார். "இது யாருக்குச் சேரணுமோ அவங்ககிட்டக் குடுத்துடுங்க சார். நர்ஸம்மா என்கிட்டச் சொல்லிட்டாங்க."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பின்பக்கத்தில் வந்த நாட்களையெல்லாம் தேதி வாரியாக அச்சடித்திருந்தார்கள். அதை விரலால் தடவி, ஏதோ ஒரு தேதியைத் தேடினாள். மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை.

"அந்தப் புதன்கிழமை அப்பா வந்தாருல்ல? நாலு மணி நேரம் உக்காந்திருந்தாரே. அது எங்க?"

நானும் வாங்கிப் பார்த்தேன். அதற்கு முந்தின செவ்வாய் இருந்தது. அதற்கு அடுத்த வெள்ளி, அவரை எடுத்துக் கொண்டுபோன மறுநாள், அதுவும் இருந்தது. புதன்கிழமை அவர் வரவில்லை.